மாமியின் சக்கை வரட்டியும் ஓணத்துப் பிரதமனும்

எங்கள் வீட்டில் ஓணத்துக்கான பிரதமன் (தேங்காய்ப் பாலில் காய்ச்சும் பாயசம்) வேலை வைகாசியிலேயே தொடங்கிவிடும். இலையில் பரிமாறுவது ஆவணியில்தான் என்றாலும், அதற்கு ஆதாரமான சக்கை வரட்டியை (பலாச்சுளையை வெல்லமும் நெய்யும் சேர்த்துக் கிண்டி இறுக்கியதை) இடவப்பாதி மழை இறங்குவதற்கு முன்பே கிண்டி, ஆறவைத்து, பரணி என்கிற ஜாடியில் அடைத்து வாய் கட்டிவிட வேண்டும் என்பது என் மாமியார் ஒரு வருடமும் தளர்த்தாத விதி. மழை விழுந்துவிட்டால் பழம் நீர் கோத்துக்கொள்ளும், இனிப்பு குறையும், எத்தனை நேரம் கிண்டினாலும் இறுகாமல் விறகைத்தான் தின்னும், ஒருவழியாக இறுகினாலும் ஓணம் வரும் முன் பூசணம் பிடித்துவிடும் என்று அவர் காரணங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லுவார். தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் ஜூன் மாதத் தொடக்கத்தில் கேரளக் கரையைத் தொடுவதால், மே மாதத்தின் பிற்பகுதி எங்கள் வீட்டில் சக்கைக்கென்றே ஒதுக்கப்பட்ட காலம். அந்த நாட்களில் யாராவது கல்யாணத்துக்கு அழைத்தாலும் மாமி முகூர்த்தத்துக்குப் போய்விட்டு, சாப்பிட்ட கையோடு திரும்பிவிடுவார்.

அவர் 2022 தை மாதம் காலமானார். வரட்டி கிண்டுவது நிற்கவில்லை. அவர் செய்த முறையை, அவர் சொன்ன காரணங்களையும் விட்டுவிடாமல், எழுதி வைக்க வேண்டும் என்று அப்போதிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தேன். அளவுகளை மட்டும் எழுதினால் அது வெறும் சமையல் குறிப்பாகிவிடும். ஒவ்வோர் அளவுக்கும் பின்னால் அவர் வைத்திருந்த நியாயத்தையும் எழுதினால்தான் அதில் அவர் இருப்பார் என்பது என் உறுதியான எண்ணம்.

நான் திருநெல்வேலி மாவட்டத்து அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து கன்னியாகுமரி மாவட்டத்துக் குழித்துறைக்கு அருகே வாழ்க்கைப்பட்டு வந்தவள். இரண்டு ஊரிலும் ஓடுகிற ஆற்றுக்குத் தாமிரபரணி என்றுதான் பெயர்; எங்களுடையது கிழக்கே போய் மன்னார் வளைகுடாவில் சேர்கிறது, இவர்களுடையது மேற்கே தேங்காய்ப்பட்டணத்தில் அரபிக்கடலில் விழுகிறது. சமையலும் ஏறக்குறைய அப்படித்தான் திசை பிரிந்து கிடந்தது. எங்கள் வீட்டில் இனிப்பு என்றால் கோதுமை அல்வாவும் நெய்யும். தேங்காய்ப் பாலை நாங்கள் மறுவீட்டு விருந்தின் சொதிக்குத்தான் பிழிவோம். முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியே எடுத்து, முதல் பாலைக் கடைசியில் சேர்ப்பது எனக்குச் சொதியின் வழியாகத் தெரிந்திருந்தது. கல்யாணமான வருடம் அடுக்களையில் அதைப் பார்த்த மாமி, "பால் பிழிய அறியும், இல்லியா? அப்ப பாதி பிரதமன் படிச்சாச்சு மக்களே" என்றார். எனக்கு அந்த வீட்டில் கிடைத்த முதல் பாராட்டு அது.

மாமி 1940-இல் பிறந்தவர். அப்போது எங்கள் விளவங்கோடு தாலுகா திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1-ஆம் தேதி அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆனபோது அவருக்குப் பதினாறு வயது. வீட்டில் பேசியது தமிழ், பள்ளியில் படித்தது மலையாளம். அவருடைய அக்காளை எல்லை பிரிவதற்கு முன்பே பாறசாலையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஆகவே ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பெண்கள், இருந்த இடத்தை விட்டு அசையாமலேயே, இரண்டு மாநிலத்துக்காரர்கள் ஆனார்கள். எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்துப் பாறசாலை. பேருந்தில் ஏறி உட்கார்ந்து வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் இறங்க வேண்டியிருக்கும் தூரம். ஓணத்துக்கு முன் ஒரு சிறிய பரணி வரட்டி இங்கிருந்து அங்கே போகும். கார்த்திகைக்கு அங்கிருந்து திரளி இலையும் (கொழுக்கட்டை சுற்றி வேகவைக்கும் மணமுள்ள இலை) கொல்லமிளகும் (மிளகாய்) வரும். இந்தக் கொடுக்கல் வாங்கலுக்காகவே எங்கள் வீட்டு வரட்டியின் அளவு எப்போதும் தேவைக்கு மேல் இருந்தது.

அவர் ஒரு கணக்கு நோட்டு வைத்திருந்தார். தமிழில் பேசுவதை மலையாள எழுத்தில் எழுதிய நோட்டு. எனக்கு அதை வாசிக்கத் தெரியாது; மலையாள வழியில் படித்த மைனி (மதினி) உட்கார்ந்து வாசிக்க வாசிக்க நான் தமிழில் எழுதிக்கொண்டேன். சமையல் குறிப்பு கிடைக்கும் என்று நினைத்து அதைப் பிரிப்பவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும், ஏனென்றால் எப்படிச் செய்வது என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. எந்த மரத்துப் பழம், சுளை எத்தனை நாழி, சர்க்கரை எவ்வளவு, கருப்பட்டி எவ்வளவு, நெய் எவ்வளவு, கிண்டி முடித்த வரட்டி யார் யாருக்கு எவ்வளவு போயிற்று என்பது மட்டும் ஆண்டுவாரியாக இருக்கிறது. எங்கள் வீட்டுக்கென்று வைத்துக்கொண்டது எப்போதும் கடைசி வரி. பாறசாலை முதல் வரி. நடுவில் பக்கத்து வீடு, கிண்ட வந்தவர்கள், பேறுகாலத்துக்கு வந்திருந்த பெண்கள், கோயில். சில ஆண்டுகளில் ஒரு பெயர் நின்றுபோயிருக்கும், அவர் இறந்துபோனதனால். செய்முறை முழுவதும் அவர் கையிலும் வாயிலும் இருந்தது, கொடுக்க வேண்டியவர்களின் பெயர்களைத்தான் அவர் மறந்துவிடக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்.

இனி வரட்டியைச் சொல்கிறேன். இங்கே பலாவைச் சக்கை என்போம், வெல்லத்தைச் சர்க்கரை என்போம், வெள்ளைச் சர்க்கரை எங்களுக்குச் சீனி. இனி வரும் அளவுகளில் இந்தச் சொற்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். வரட்டிக்கு வருக்கைச் சக்கைதான் ஏற்றது. கூழன் சக்கை இனிப்பாக இருந்தாலும் நாரும் நீரும் மிகுதி என்பதால் மாமி அதைத் தின்னக் கொடுத்துவிடுவார், உருளிக்குள் (வரட்டி கிண்டும் வெண்கலப் பாத்திரத்துக்குள்) விடமாட்டார். எங்கள் புரையிடத்தின் (வீட்டுத் தோட்டத்தின்) தெற்கு மூலையில் நிற்கிற தேன்வருக்கை மரத்தின் பழங்களே போதுமானவை. பழத்தைத் தட்டிப் பார்த்து, காம்பருகே முகர்ந்து, நன்கு பழுத்ததாக, ஆனால் உள்ளே கனிந்து நீர் விடத் தொடங்காததாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வெட்டி, பிசினைத் துடைத்து, சுளைகளை எடுத்து, குருவையும் (கொட்டையையும்) அதைச் சுற்றியுள்ள மெல்லிய தோலையும் நீக்க வேண்டும். இந்தத் தோலை விட்டுவிட்டால் வரட்டியில் அது சுருண்டு, பிரதமன் குடிக்கும்போது நாவில் தட்டும். பெரும்பாலானோர் தாண்டிப் போய்விடுகிற வேலை இதுதான்; மாமி இதற்கு ஒரு மதியம் முழுவதையும் கொடுப்பார்.

குரு நீக்கிய சுளை 2 கிலோ என்று வைத்துக்கொண்டால், சர்க்கரை 1¼ கிலோ, கருப்பட்டி ¼ கிலோ, நெய் 300 கிராம். பழம் மிக இனிப்பாக இருந்தால் சர்க்கரையில் 200 கிராம் குறைக்கலாம். கருப்பட்டியைக் குறைக்கக் கூடாது. கருப்பட்டி சேர்ப்பது இந்தப் பக்கத்து எல்லா வீடுகளிலும் உள்ள வழக்கமன்று, மாமியின் வழக்கம். கருங்கல் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து பழக்கமான ஒரு குடும்பம் கொண்டுவந்து தரும் புதுக் கருப்பட்டியை அவர் இதற்கென்று வாங்கி வைப்பார். பதநீர் இறங்கும் காலமும் சக்கை பழுக்கும் காலமும் ஒன்றாக வருவது தற்செயல் இல்லை என்பது அவருடைய நம்பிக்கை. சர்க்கரை இனிப்பைத் தரும், கருப்பட்டி மணத்தைத் தரும். பிரதமனில் மூன்று பால் சேர்ந்த பிறகும் அடியில் ஒரு ஆழமான மணம் தங்கியிருப்பது அந்தக் கால் கிலோவினால்தான். பதநீர்க் கலயத்தில் தடவிய சுண்ணாம்பும், மணலும் தூசியும் அடியில் இருக்கக்கூடும் என்பதால், இரண்டையும் சிறிது நீரில் உருக்கி, துணியில் வடிகட்டிய பிறகே சேர்க்க வேண்டும்.

சுளையை ஆவியில் வேகவைத்து, நீர் விடாமல் அரைத்து, உருளியில் ஐம்பது கிராம் நெய் ஊற்றி, அரைத்த விழுதை மட்டும் முதலில் போட்டுக் கிண்ட வேண்டும். சர்க்கரைப் பாகை உடனே ஊற்றிவிட மாமி சம்மதிக்கமாட்டார். சர்க்கரை விழுந்த பிறகு சுளை மேலும் வேகாது, இருக்கிற நார் அப்படியே நின்றுவிடும் என்பார். பழத்தைச் சர்க்கரைப் பாகில் போட்டால் அது குழையாமல் விறைத்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். விழுதின் நீர் வற்றி, தெறிப்பது அடங்கி, சட்டுவத்தை இழுத்தால் உருளியின் அடி ஒரு கணம் தெரிந்து மறையும்போது பாகை ஊற்ற வேண்டும். அதன் பிறகு மறுபடியும் தளர்ந்து, மறுபடியும் தெறிக்கத் தொடங்கும். இந்த இரண்டாவது தெறிப்புதான் கையைச் சுடும். மாமி முழங்கை வரை பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொள்ளுவார், எனக்கும் சுற்றிவிடுவார்.

இங்கிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் சட்டுவம் நிற்கக் கூடாது. கிண்ட வந்த பெண்கள் முறை மாற்றிக்கொள்வார்கள், ஆனால் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும் அந்த நேரத்திலும் சட்டுவம் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். நெய்யை மொத்தமாக ஊற்றாமல், விழுது குடிக்கக் குடிக்கச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். மஞ்சளாக இருந்தது செம்மஞ்சளாகி, பின் செம்மண் நிறமாகி, கடைசியில் கறுப்பை ஒட்டிய பழுப்பாக மாறும்போது, அதுவரை குடித்த நெய்யைத் தானாகவே ஓரங்களில் விடத் தொடங்கும். சிறிது எடுத்து உருட்டினால் கையில் ஒட்டாமல் உருள வேண்டும். அந்தப் பதத்தைப் பார்ப்பதை மட்டும் மாமி யாரிடமும் விட்டதில்லை. கண் மங்கிப்போன கடைசி ஆண்டுகளிலும், நிறம் தெரியாவிட்டால் என்ன, சட்டுவம் உருளியில் உரசுகிற சத்தம் மாறும் என்று சொல்லி, திண்ணையில் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்து, "மதி (போதும்), இறக்கு" என்று உள்ளே குரல் கொடுப்பார். நீர்ப்பதம் இருக்கும்வரை சத்தம் வழவழவென்று இருக்கும். நெய் பிரிந்தபின் அது கனத்து, விட்டு விட்டுக் கேட்கும். அந்தச் சத்தத்தை எனக்குப் பழக்கிவிட்டுத்தான் அவர் போனார். வேறு எதை மறந்தாலும் என் காது அதை மறக்காது.

உருளி மாமியின் அம்மை கொடுத்த சீதனம். வெண்கல வார்ப்புக்குப் பெயர்பெற்ற ஆலப்புழை மாவட்டத்து மான்னாரிலிருந்து வந்ததென்று சொல்லக் கேட்டிருக்கிறேன். கனமான வெண்கலம் சூட்டை உள்வாங்கி எல்லாப் பக்கத்துக்கும் ஒரே சீராகக் கொடுப்பதால் வரட்டி ஓரிடத்தில் மட்டும் பிடித்துக் கருகுவதில்லை. அதே கனத்தால் அது சூட்டை விடுவதற்கும் நேரமெடுக்கும். இறக்கிய பிறகும் கால் மணி நேரம் கிண்டிக்கொண்டேதான் இருக்க வேண்டும். பின் மெல்லிய துணியால் மூடி, இரவு முழுவதும் ஆறவிட்டு, மறுநாள்தான் பரணியில் அடைக்க வேண்டும். இளஞ்சூட்டோடு அடைத்தால் மூடியில் வியர்த்து, அந்த ஒரு துளி நீர் விழுந்த இடத்திலிருந்து பூசணம் தொடங்கும். மேலே விரல் கனத்துக்கு உருக்கிய நெய் ஊற்றி, துணி கட்டி, அடுக்களைப் பரணில் ஏற்றிவிட்டால் அடுத்த சக்கைக் காலம் வரை தாங்கும். எடுக்கும்போது உலர்ந்த கரண்டி மட்டுமே உள்ளே போக வேண்டும்.

2020-இல் பெருந்தொற்றுக்காகக் களியக்காவிளையில் எல்லையை அடைத்திருந்தபோது, பாறசாலைக்கான பரணி எங்கள் பரணிலேயே இருந்தது. மாமி அதைத் திறக்க விடவில்லை. அது அக்காளுடையது என்று சொல்லிவிட்டார். அடுத்த ஆண்டும் உடல்நிலை இடம் கொடுக்காத நிலையில் வரட்டி கிண்ட வைத்தார், ஓணத்துக்கு எல்லோருக்கும் போயிற்று, எங்கள் பங்கில் அரைப் பரணி மிஞ்சியிருந்தது. தை மாதம் அவர் போய்ச் சேர்ந்தபின், பதினாறாம் நாள் அடியந்திரத்துக்குச் சமையலுக்கு வந்தவர்கள் என்ன பாயசம் என்று கேட்டபோது, மைனி பரணில் ஏறி அந்தப் பரணியை இறக்கிக்கொண்டு வந்தார். அவர் கிண்ட வைத்து, அவர் பதம் கேட்டு இறக்கச் சொன்ன வரட்டியில் காய்ச்சிய பிரதமனைத்தான் அவருடைய பதினாறாம் நாளில் ஊருக்குப் பரிமாறினோம். பாறசாலைப் பெரியம்மை இலை முன் உட்கார்ந்து, ஒரு வாய் எடுத்து, "இது அவ கிண்டினதாக்கும்" என்று சொன்னார். பிறகு இலையை மடக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். யாரும் அவரை எழுப்பவில்லை.

இப்போது பிரதமன். பதினைந்து பேருக்கு அரைக் கிலோ வரட்டி, நன்கு முற்றிய பெரிய தேங்காய் நான்கு, சர்க்கரை 300 கிராம், நெய் நான்கு மேசைக்கரண்டி, பல் பல்லாகக் கீறிய தேங்காய்க்கொத்து ஒரு கைப்பிடி, சுக்குப்பொடி அரைத் தேக்கரண்டி, ஏலப்பொடி அரைத் தேக்கரண்டி, வறுத்துப் பொடித்த சீரகம் கால் தேக்கரண்டி. தேங்காய் மூன்று நாளைக்கு முன்பே உரித்து வைத்ததாக இருக்கக் கூடாது. துருவலில் அரைக் கோப்பை வெதுவெதுப்பான நீர் மட்டும் தெளித்து, கையால் பிசைந்து, துணியில் இறுக்கிப் பிழிந்தால் வருவது ஒண்ணாம் பால். அதே துருவலை முக்கால் லிட்டர் நீர் சேர்த்து அரைத்துப் பிழிந்தால் இரண்டாம் பால். மறுபடியும் ஒரு லிட்டர் நீர் விட்டுப் பிழிந்தால் மூன்றாம் பால். மூன்றும் மூன்று பாத்திரத்தில் இருக்க வேண்டும். மூன்றையும் வரிசையாக வைத்து, ஒண்ணாம் பால் மீது மட்டும் ஒரு தட்டு மூடி வைப்பது மாமியின் பழக்கம். அவசரத்தில் யாரும் அதை எடுத்து ஊற்றிவிடக் கூடாது என்பதற்காக.

உருளியில் வரட்டியைப் போட்டு, மூன்றாம் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டியில்லாமல் கரைத்து, மிதமான தீயில் கொதிக்கவிட வேண்டும். வடிகட்டிய சர்க்கரைப் பாகைச் சேர்த்து, பாதியாக வற்றியதும் இரண்டாம் பாலை ஊற்ற வேண்டும். இது வற்றிவரும்போது மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம் மிதக்கத் தொடங்கும். அது குறையன்று, பிரதமன் பதத்துக்கு வருகிறது என்பதற்கான அடையாளம், தேங்காயின் வாசனை முழுவதும் அந்தப் படலத்தில்தான் இருக்கிறது. பசும்பாலில் இதைச் செய்ய முடியாது. சர்க்கரையில் உள்ள புளிப்புத் தன்மைக்குப் பசும்பால் கொதியில் திரிந்துவிடும். தேங்காய்ப் பால் அப்படித் திரிவதில்லை என்பதால்தான் நம் பக்கத்துச் சர்க்கரைப் பாயசங்கள் எல்லாம் தேங்காய்ப் பாலில் நிற்கின்றன.

ஒண்ணாம் பாலின் கதை வேறு. அதில் கொழுப்பு மிகுதி; அந்தக் கொழுப்பு நுண்துளிகளாகப் பிரிந்து நிற்பதற்கு அதைச் சுற்றியிருக்கும் புரதமே துணை. சுமார் 80 டிகிரிக்கு மேல் சூடு போனால் அந்தப் புரதம் உறைந்து, கொழுப்பு தனியாகவும் நீர் தனியாகவும் பிரிந்து, கெட்டியான வழவழப்பு போய்விடும். மாமிக்குப் புரதமும் டிகிரியும் தெரியாது. "ஒண்ணாம் பால கொதிக்க விட்டா பின்ன அது பிரதமன் இல்ல மக்களே, சக்கைக் குழம்பு" என்று மட்டும் சொல்லுவார். உருளியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தவுடன் ஒண்ணாம் பாலை ஊற்றவும் விடமாட்டார், ஏனென்றால் வெண்கலத்தின் சூடு உள்ளே கொதியை இன்னும் நிறுத்தியிருக்காது. இறக்கியபின், திண்ணைக்குப் போய், வெற்றிலையின் நரம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடித்து, மென்று துப்பிவிட்டு வர ஆகும் நேரம்தான் அவருடைய கணக்கு. அது சரியாகப் பத்து நிமிடம். வெற்றிலை போடாத நானும் அந்த நேரத்தைத் திண்ணையில்தான் கழிக்கிறேன். கடிகாரத்தைப் பார்ப்பதைவிட அது எனக்கு நம்பிக்கையாக இருக்கிறது. பின் ஒண்ணாம் பாலையும் பொடிகளையும் சேர்த்துக் கலக்கி, நெய்யில் பொன்னிறமாக வறுத்த தேங்காய்க்கொத்தை நெய்யோடு கொட்டி மூடிவிட வேண்டும்.

முந்திரி கிடையாது. முந்திரி ஆலைகள் நிறைந்த, பாதி வீடுகளிலிருந்து பெண்கள் அங்கே வேலைக்குப் போய்வந்த ஊர் இது. வீட்டில் முந்திரிக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. ஆனாலும் அது பாலில் ஊறி மெத்தென்று ஆகிவிடும், தேங்காய்க்கொத்து ஊறினாலும் பல்லுக்குப் பிடிகொடுக்கும் என்பதால் மாமி சேர்க்கமாட்டார். கிஸ்மிஸின் புளிப்பு சக்கையோடு சண்டை போடும் என்பார். இவற்றைச் சேர்த்துச் செய்கிற வீடுகளைக் குறை சொல்வது என் நோக்கமன்று. எங்கள் வீட்டுப் பிரதமனில் சக்கையும் தேங்காயும் தவிர வேறொன்று முன்னால் வந்து நிற்பதில்லை என்பதைச் சொல்கிறேன்.

இலையில் சாம்பாருக்குப் பிறகு, ரசத்துக்கு முன் பிரதமன் வரும். ஒரு பப்படத்தை நொறுக்கி, ஒரு மட்டி வாழைப்பழத்தைப் பிசைந்து, அதன்மேல் பிரதமனை வாங்கிக் கையால் வழித்துச் சாப்பிடுவதே இங்கத்தை முறை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற, குழந்தைக்கு முதல் கனியாக ஊட்டுகிற எங்கள் மாவட்டத்து மட்டிப் பழத்தின் மணம், சுக்கு மணக்கும் பிரதமனோடு சேர்வதை எழுத்தில் கொண்டுவர எனக்குத் திறமை போதாது. போளியைப் பால் பாயசத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும், பிரதமனுக்கு வேண்டாம்.

இப்போது கடைகளில் வரட்டி டப்பாவில் கிடைக்கிறது, தேங்காய்ப் பால் பெட்டியில் கிடைக்கிறது, இரண்டையும் கலந்து மில்க்மெய்ட் ஊற்றினால் அரை மணி நேரத்தில் ஒரு பாயசம் ஆகிவிடும். வெளியூரில் வேலைக்குப் போய்க்கொண்டு அப்படிச் செய்பவர்களின் சிரமம் எனக்குத் தெரியும், அவர்கள் ஓணத்துக்கு ஏதாவது செய்கிறார்களே என்று மகிழ்கிறேன். ஆனால் பெட்டிப் பால் பிரிந்துவிடாதபடி நிலைப்படுத்திச் சேர்க்கப்பட்ட பொருள்களோடு வருவது. அதில் ஒண்ணாம் பால், இரண்டாம் பால் என்ற வேறுபாடே இல்லை. கொதித்தாலும் பெரிதாகக் கெடாது. கெடாது என்பதாலேயே காத்திருக்கவும் தேவையில்லை, மூடி வைக்கவும் தேவையில்லை, ஒருவர் இன்னொருவரைப் பார்த்து "பொறு" என்று சொல்லவும் தேவையில்லை. மாமி எனக்குச் சொன்னவற்றில் பெரும்பகுதி "பொறு" என்பதுதான்: மழைக்கு முன் முடி, ஆனால் சர்க்கரைக்குப் பொறு, பதம் வந்ததும் இறக்கு, ஆனால் அடைப்பதற்குப் பொறு, பால் வற்றியதும் இறக்கு, ஆனால் ஒண்ணாம் பாலுக்குப் பொறு. இந்த இடங்களை எல்லாம் சுருக்கிவிட்டால் இனிப்பு மிஞ்சும், அவர் மிஞ்சமாட்டார். அதனால்தான் இவற்றில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

விறகடுப்பையும் உருளியையும் விட்டுக்கொடுக்கலாம். பெங்களூரில் இருக்கும் மைனியின் மகள் சென்ற ஆண்டு கேட்டபோது, கனமான இரும்புக் கடாயில், கேஸ் அடுப்பில், அரைக் கிலோ சுளைக்கு 300 கிராம் சர்க்கரையும் 60 கிராம் கருப்பட்டியும் 75 கிராம் நெய்யும் என்று அளவு பிரித்துக் கொடுத்தேன். அந்த அளவுக்கு முக்கால் மணி நேரம் கிண்டினால் போதும். இரும்பில் இருக்கும் வரட்டி நிறம் மாறிவிடும் என்பதால் பதம் வந்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். மிக்சியில் தேங்காயை அரைப்பதாக இருந்தால் ஒண்ணாம் பாலுக்கு மட்டும் விட்டு விட்டு ஓட்ட வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் சூடேறி, பிழிவதற்கு முன்பே எண்ணெய் பிரியத் தொடங்கும். அவள் முதல் முறை கிண்டும்போது தொலைபேசியை அடுப்பருகே வைக்கச் சொல்லி, சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்து, இறக்கச் சொன்னேன். நல்ல வரட்டி என்று அவளே சொன்னாள்.

பாறசாலைப் பெரியம்மைக்கு இப்போது பல் இல்லை. தேங்காய்க்கொத்து போடுவதற்கு முன் ஒரு தூக்குவாளிப் பிரதமனைத் தனியாக எடுத்து வைத்து, ஓணத்தன்று மதியத்துக்குள் என் மகன் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவான். வரட்டிப் பரணியும் தவறாமல் போகிறது. நோட்டின் முதல் வரியை நாங்கள் மாற்றவில்லை; இப்போது மைனி மலையாள எழுத்திலும் நான் தமிழிலுமாக, ஒரே பக்கத்தில், ஆண்டுதோறும் எழுதி வருகிறோம்.

ஓணத்துக்குப் பிறகு மிஞ்சுகிற வரட்டியை வீணாக்க வேண்டியதில்லை. திருக்கார்த்திகைக்கு, வறுத்த பச்சரிசி மாவோடு தேங்காய்த் துருவலும் வரட்டியும் ஏலமும் சேர்த்துப் பிசைந்து, திரளி இலையைக் கூம்பாகச் சுருட்டி அதில் அடைத்து, ஆவியில் வேகவைத்தால் திரளிக் கொழுக்கட்டை ஆகும். வரட்டியிலேயே சர்க்கரை இருப்பதால் தனியாக மிகக் கொஞ்சம் சேர்த்தால் போதும், இலை பச்சையாக இருந்தால் மணம் அதிகம். அதன் பிறகும் பரணியின் அடியில் கொஞ்சம் இருந்தால் சூடான தோசைக்குத் தொட்டுக்கொள்ளலாம். மாமா அப்படித்தான் சாப்பிடுவார், இன்றைக்குக் காலையிலும் அப்படித்தான் சாப்பிட்டார்.